ரேகாவ: புதுக்கலைஞனும் துணிவும்

கலைத்துறையிற் புதிதாகக் காலெடுத்து வைக்கும் ஒருவன் முன் இரு பாதைகள் தோன்றுகின்றன. ஒன்று பலர் நடந்து பழகிய பாதை. அதன் முடிவும் ஊதியமும் முன்னரே தெரிந்தவை. மற்றது எவரும் நடவாத பாதை. முள் எங்கே, நீர் எங்கே என்று சொல்வார் அங்கு இலர். இரண்டாவதைத் தேர்வது துணிவு எனப் பலரும் புகழ்வர். ஆயினும், எத்தகைய துணிவு கலைக்குப் பயன்தரும், எது வெறும் கண்மூடித்தனமாய் முடியும் என்று பகுத்துரைப்போர் சிலரே. இதனை விளக்க இலங்கைத் திரைப்பட வரலாற்றிலேயே தக்க சான்றொன்று உளது.

முதலாவது சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொரொந்துவ' 1947 ஆம் ஆண்டிலே திரையிடப்பட்டது. எஸ். எம். நாயகம் என்னும் தமிழர் தயாரித்த அப்படம் தென்னிந்தியாவிலே எடுக்கப்பட்டது. அதன் பின்னர் வந்த படங்களும் பெரும்பாலும் தென்னிந்தியப் படங்களின் அச்சிலேயே வார்க்கப்பட்டன. கதாபாத்திரங்கள் சிங்களம் பேசினர். ஆனால் அவர்களைச் சூழ்ந்து நின்றவையோ ஸ்ரூடியோவின் துணிச்சுவரும் வர்ணந் தீட்டிய வானமுமே. பாட்டு, ஆடல், சண்டை, நகைச்சுவை யாவும் அளந்து சேர்க்கப்பட்டன. மக்களும் அதற்கே பழகியிருந்தனர்.

இந்நிலையிலே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் என்பார் 1952 ஆம் ஆண்டில் அரசாங்கத் திரைப்படப் பகுதியிற் சேர்ந்தார். இங்கிலாந்திலே பத்திரிகையாளராய் வாழ்ந்தபோது சிறு படங்களை எடுத்துப் பழகியவர் அவர். அப்பகுதியிலே, ரால்ஃப் கீன் என்னும் பிரித்தானிய நெறியாளரோடு விவரணப்படங்களில் உழைத்தார். விவரணப்படம் எடுப்பவனுக்கு ஸ்ரூடியோ இல்லை. வயலும் வீதியுமே அவன் களம். ஞாயிற்றின் ஒளியே அவன் விளக்கு. நடிப்பறியாத குடியானவனே அவன் நடிகன். இப்பயிற்சியே பின்னர் பீரிஸுக்குப் பெருந்துணையாயிற்று.

1955 ஆம் ஆண்டிலே, தமது முப்பத்தாறாவது வயதில், அவர் அந்த அரசாங்க உத்தியோகத்தைத் துறந்தார். ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் படத்தொகுப்பாளர் டைட்டஸ் டி சில்வாவும் அவருடன் வெளியேறினர். அவர்கள் கூடி உருவாக்கிய படமே 'ரேகாவ'. தமிழிலே நாம் ரேகை என்று வழங்கும் சொல்லே அது. உள்ளங்கையிலே விதி எழுதியதாகக் கருதப்படும் கோடு. பார்வையிழந்த சிறுமி ஒருத்தி மீண்டும் பார்வை பெறுகிறாள். அவளது தோழனான சிறுவனுக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டென்று கிராமத்தார் நம்புகின்றனர். அவன் தந்தை அந்நம்பிக்கையைப் பொருளாக்க முனைகிறான். பின்னர் வேறொரு பிள்ளை இறக்க, ஊரே சிறுவனுக்கு எதிராகத் திரும்புகிறது. இக்கதையை அவர்கள் ஸ்ரூடியோவை விட்டு வெளியேறி, கிராமச் சூழலிலேயே படமாக்கினர்.

1956 டிசெம்பரிலே படம் வெளிவந்தது, வசூலிலே தோல்வியுற்றது. பழகிய சுவையைத் தேடி வந்தோர்க்கு அது அந்நியமாகவே பட்டது. ஆயின் 1957 ஆம் ஆண்டிலே பிரான்ஸ் நாட்டின் கான் திரைப்பட விழாவில் அது போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. எனினும் வெளிநாட்டுப் பாராட்டு உள்நாட்டு நட்டத்தை ஈடுசெய்வதில்லை. அவரது அடுத்த படமாகிய 'சந்தேசய' 1960 ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது.

இங்குதான் புதுக்கலைஞன் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் உளது. தோல்வியுற்றவன் இரு தவறுகளில் ஒன்றைச் செய்வது இயல்பு. மக்கள் அறிவிலிகள் என்று சினந்து ஒதுங்குதல் ஒன்று. தான் கொண்ட கொள்கையே பிழையென்று கைவிடுதல் மற்றொன்று. பீரிஸ் இரண்டையும் செய்திலர். போர்த்துக்கேயர் காலக் கதையைக் கொண்ட 'சந்தேசய'வில் வீரச்செயல்களுக்கு இடமளித்து, மக்கள் இருக்கும் இடத்தை நோக்கிச் சில அடிகள் நடந்து சென்றார். அப்படம் வசூலிலே வெற்றி கண்டது. அதன் பின்னர், 1963 ஆம் ஆண்டிலே, மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலாகிய 'கம்பெரலிய'வைப் படமாக்கியபோது முன்னிலும் பெரிய துணிவை மேற்கொண்டார். வழக்கமான ஆடலையும் சண்டையையும் அறவே நீக்கி, தென்னிலங்கைக் குடும்பமொன்றின் தளர்ச்சியை அமைதியாகச் சித்திரித்தார். 1965 ஆம் ஆண்டில் புதுடில்லித் திரைப்பட விழாவிலே அப்படம் தங்க மயில் விருதைப் பெற்றது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? முதலாவது, துணிவுக்கு முன் பயிற்சி வேண்டும். வெளிப்புறப் படப்பிடிப்பு பிறர்க்கு ஆபத்தாய்த் தோன்றியது. பீரிஸுக்கோ அது பழகிய தொழில். இரண்டாவது, துணிவுக்குத் துணை வேண்டும். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அறிந்த இருவர் உடன் வந்திராவிடில் அவரது எண்ணம் எண்ணமாகவே நின்றிருக்கும். மூன்றாவது, எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுத்தலாகாது என்ற தெளிவு வேண்டும். கதையின் வகையை அவர் மாற்றினார். கிராமத்து மனிதனை அவனுடைய மண்ணிலேயே காட்டவேண்டும் என்ற கொள்கையைக் கைவிட்டாரல்லர்.

பீரிஸ் 2018 ஆம் ஆண்டிலே, தொண்ணூற்றொன்பதாவது வயதிற் காலமானார். நட்டமடைந்த 'ரேகாவ', இன்று சிங்களத் திரைப்படக் கலையின் திருப்பமாக மதிக்கப்படுகிறது. எனினும் 1955 இல் உத்தியோகத்தைத் துறந்தபோது இம்மதிப்பை அவர் கண்டிருக்க முடியாது. தாம் கற்ற தொழில், உடன் வந்த இருவர், சொல்ல விரும்பிய கதை ஆகிய மூன்றே அன்று அவர் கையில் இருந்தவை. புதுப்பாதையில் இறங்க எண்ணும் இளங்கலைஞன், வெற்றி கிட்டுமா என்று கைரேகை பார்ப்பதைவிட, இம்மூன்றும் தன்னிடம் உளவா என்று பார்த்துக்கொள்வதே நலம்.