தடை–ஒடுக்கிச் சுற்றும் அத்திலாந்திக்கு வடமும்

தடையொன்றும் ஒடுக்கியொன்றும் தொடராக இணைக்கப்பட்ட சுற்று, பௌதிகம் பயிலும் மாணவர் கையாளும் சுற்றுக்களுள் மிக எளியவற்றுள் ஒன்று. எளியதென்பதனாலேயே பலர் அதன் சூத்திரத்தை மனனஞ்செய்துவிட்டு அப்பாற் செல்வர். ஆயின், 1858ஆம் ஆண்டில் அத்திலாந்திக்கு மாகடலின் அடியில் இடப்பட்ட தந்தி வடத்தின் கதி, இச்சுற்றின் இயல்பை உணர்ந்தார்க்கும் உணராதார்க்குமிடையே எழுந்த பிணக்கோடு பின்னிக் கிடக்கின்றது.

ஒடுக்கியை ஒரு தொட்டியாகவும், தடையை அத்தொட்டிக்கு நீர் செல்லும் ஒடுங்கிய குழாயாகவும் கருதலாம். குழாய் ஒடுங்க ஒடுங்கவும் தொட்டி பெருக்கப் பெருக்கவும் நிரம்புதற்காகும் நேரம் நீளும். தடையை ஓமிலும் கொள்ளளவத்தை பரட்டிலும் அளந்து பெருக்கினால் வருவது செக்கனே. 10,000 ஓம் தடையும் 0.01 மைக்குரோபரட்டு ஒடுக்கியும் கொண்ட சுற்றின் நேரமாறிலி ஒரு செக்கனிற் பதினாயிரத்திலொரு பங்காகும். இச்சுற்றுக்கு ஆடலழுத்தமொன்றைக் கொடுத்து, ஒடுக்கியின் முனைகளிற் பயப்பைப் பெறுவோமாயின், மெல்ல மாறும் அழுத்தத்தைத் தொட்டி முற்றாகப் பின்தொடரும்; விரைந்து மாறும் அழுத்தமோ தொட்டி நிரம்புமுன் திசைமாறிவிடும். ஆகவே தாழ்ந்த மீடிறன்கள் குறைவின்றிச் செல்ல, உயர்ந்த மீடிறன்கள் மெலிகின்றன.

எவ்வளவு மெலியும் என்பதிலேயே மாணவர் இடறுவர். ஒடுக்கி ஆடலோட்டத்திற்குக் காட்டும் எதிர்ப்பு, மீடிறனையும் கொள்ளளவத்தையும் 6.283ஆற் பெருக்கி, அதனால் ஒன்றை வகுக்கக் கிடைப்பது. இவ்வெதிர்ப்புத் தடைக்குச் சமமாகும் மீடிறனிலே, பெய்த அழுத்தம் இரண்டிற்கும் சரிபாதியாகப் பங்கிடப்படும் என்று எழுதுவார் பலர். அது தவறு. தடையிலுள்ள அழுத்தம் ஓட்டத்தோடு ஒரே அவத்தையில் நிற்க, ஒடுக்கியிலுள்ள அழுத்தம் கால் அலைவு பின்தங்கி நிற்கும். ஒரே கணத்தில் உச்சமடையாத இரண்டின் உச்சங்களைச் சாதாரணமாகக் கூட்டலாகாது. அவை செங்கோண முக்கோணியொன்றின் செங்கோணத்தை அடக்கும் பக்கங்கள். பெய்த அழுத்தம் செம்பக்கம். பக்கங்கள் சமமாயின் ஒவ்வொன்றும் செம்பக்கத்தின் 0.707 பங்கு, அரைப்பங்கன்று. அரைவாசியாவது வலுவே, ஆதலின் அப்புள்ளியை அரைவலுப் புள்ளி என்பர். அங்கே பயப்பு 45 பாகை பின்தங்கும்.

மேற்கூறிய சுற்றில் இம்மீடிறன் ஏறக்குறைய 1592 ஏட்சு. அதிற் பத்திலொன்றான 159 ஏட்சில் பயப்பு 0.995 பங்கு, குறைவு கண்ணுக்கே தோன்றாது. இருமடங்கான 3184 ஏட்சில் 0.447, பத்துமடங்கில் ஏறத்தாழப் பத்திலொன்று. இதற்குமேல் மீடிறன் பதின்மடங்காகுந்தோறும் பயப்பும் பத்திலொன்றாகும்; இதுவே 20 தெசிபெல் வீழ்ச்சி எனப்படுவது. பயப்பைத் தடையின் முனைகளிற் பெற்றால் யாவும் தலைகீழாகும். விரியலாக்கிகளில் நேரோட்டத்தைத் தடுத்து ஒலியலையை மட்டும் விடும் ஒடுக்கி அவ்வகையினது.

இக்கணக்கிலே கருதத்தக்கது ஒன்றுண்டு. பயப்புக்கும் பெய்ப்புக்குமுள்ள விகிதத்திற் பெய்த அழுத்தத்தின் அளவு யாண்டும் இடம்பெறவில்லை. ஒரு உவோற்றைப் பெய்தாலென்ன, ஆயிரம் உவோற்றைப் பெய்தாலென்ன, மெலிவும் பின்தங்கலும் ஒன்றே. அழுத்தத்தை ஏற்றிச் சுற்றை விரைவுபடுத்த முயல்வது வீண்.

கடலடி வடம் இத்தகைய சுற்றே. நடுவிலுள்ள செப்புக்கம்பி தடை. அதனைச் சூழ்ந்த கட்டாப்பேர்ச்சா என்னும் மரப்பாற் காவலியும் புறத்தேயுள்ள கடல்நீரும் அக்கம்பியோடு சேர்ந்து நீண்டதோர் ஒடுக்கி. தடையும் கொள்ளளவமும் ஓரிடத்தில் நில்லாது வழிநெடுகப் பரந்திருத்தலின், எண்ணிறந்த சிறு சுற்றுக்கள் சங்கிலியாகக் கோத்திருப்பதுபோல அது தொழிற்படும். உயர்ந்த மீடிறன்கள் தனிச்சுற்றிலும் பன்மடங்கு கடிதாக மாயும். கரையில் அனுப்பிய கூரிய துடிப்பு மறுகரையில் மழுங்கி நீண்டு, அடுத்த துடிப்போடு கலந்துவிடும். பின்னாளிற் கெல்வின் பிரபுவான வில்லியம் தொம்சன், 1854இல் ஸ்ரோக்ஸ் என்னும் கணித அறிஞருக்கு வரைந்த கடிதங்களில் இதனை ஆராய்ந்தார். வெப்பக் கடத்தலுக்குப் பூரியர் வகுத்த சமன்பாடே இதற்கும் பொருந்துமெனக் கண்டார். நீளம் இருமடங்காயின் தடையும் இருமடங்கு, கொள்ளளவமும் இருமடங்கு. எனவே சுணக்கம் நான்மடங்கு. இதுவே வர்க்கவிதி.

அத்திலாந்திக்குத் தந்திக் கம்பனியின் மின்னியலாளரான வைற்ஹவுஸ் என்னும் மருத்துவர் இவ்விதியை ஏற்றிலர். தம் பரிசோதனைகள் அதற்கு மாறாக உள்ளனவென 1856இற் பகிரங்கமாக வாதித்தார். 1858 ஓகத்து 5ஆம் நாள் வடம் இருகரையையும் எட்டியது. விக்ரோறியா அரசியாரின் 98 சொற்கொண்ட வாழ்த்துச் செய்தி மறுகரை சேர ஏறக்குறைய 16 மணித்தியாலம் சென்றது. தூண்டற் சுருள்களைக்கொண்டு ஏறத்தாழ 2000 உவோற்று அழுத்தத்தை வைற்ஹவுஸ் வடத்திற் செலுத்தினார். சில கிழமைகளுள் வடம் ஊமையாயிற்று. அவ்வடத்தின் காவலி முன்னரே பழுதுற்றிருந்தமையின், முழுப்பழியையும் அவர்மேற் சுமத்துதல் நீதியன்று. ஆயினும் உயரழுத்தம் அதன் முடிவை விரைவித்தது என்பதே பலரின் கருத்து.

1866இல் வெற்றிபெற்ற வடத்தின் அமைப்பை நோக்குக. முந்தியதிற் கடல்மைலுக்கு 107 இறாத்தலாயிருந்த செப்பு 300 இறாத்தலாயிற்று. காவலி 261 இறாத்தலிலிருந்து 400 ஆயிற்று. இந்நிறைகளைக்கொண்டு கணித்தால், கொள்ளளவம் ஐந்திலொரு பங்களவு கூடினும் தடை மூன்றிலொன்றளவுக்குக் குறைய, இரண்டின் பெருக்கம் அரைவாசிக்கும் கீழே இறங்குகின்றது. செப்பின் தூய்மையைப் பேணியதனால் வந்த நயம் வேறு. வலிய அழுத்தத்திற்குப் பதிலாக, நுண்ணிய ஓட்டத்தையும் காட்டவல்ல தொம்சனின் ஆடிக் கல்வனோமானி மறுகரையிலிருந்தது. நிமிடத்திற்கு எட்டுச் சொல்லளவில் செய்தி சென்றது.

அவ்வாண்டிலேயே லற்றிமர் கிளாக் என்னும் பொறியியலாளர், கடலடியிற் கிடந்த இரு வடங்களை நியூபவுண்லாந்திலே ஒன்றோடொன்று இணைப்பித்து, அயர்லாந்திலிருந்து புறப்பட்டு அயர்லாந்துக்கே மீளும் ஏறக்குறைய 3700 மைல் நீளச் சுற்றொன்றை அமைத்தார். தையல்வேலை செய்வோர் விரலிற் செருகும் வெள்ளியுறை ஒன்றில் சிறிது அமிலமும் நாகத்துண்டும் இட்டு ஆக்கிய கலமே அவர் பயன்படுத்திய மின்கலம். அதன் குறிப்பு கடலை இருமுறை கடந்து தெளிவாக வந்து சேர்ந்தது.