வண்டியை நிறுத்தாமல் சாலையைப் பிரிப்பது

இலுப்பூரில் பஸ் ஏறி விராலிமலை வழியாகத் திருச்சிக்குப் போகிறவர்களுக்கு, நான்குவழிச் சாலையைத் தொட்டதுமே பாதி தூரம் கடந்த நிம்மதி வந்துவிடும். 2024 ஜனவரியில் அந்த நிம்மதி குலைந்தது. பொங்கலுக்கு ஊர் திரும்பும் கூட்டம் சாலையில் நிறைந்திருந்த நேரம். திருச்சி பொன்மலை ஜி கார்னர் ரயில்வே மேம்பாலத்தின் தடுப்புச்சுவர் ஒரு பக்கம் சரிந்தது. சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ஓடும் வண்டிகள் நம்பியிருக்கும் பாலம் அது. சேதமான பக்கத்தை அடைத்தார்கள்; கனரக வாகனங்களைச் சுற்றுவழியில் திருப்பிவிட்டார்கள்.

ஓடும் சாலையைச் சரிசெய்வதில் முதல் சிக்கல் இதுதான்: பாதியை மூடி, மீதிப் பாதியில் இரு திசை வண்டிகளையும் விட வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் ஒரு பக்கத்தைத் தோண்டும்போது, பாரம் சுமந்து நிற்கும் மறுபக்கத்து மண் பிடிமானம் இழக்கும். அதனால் வேலை தொடங்குமுன் நீண்ட இரும்புக் கம்பிகளைப் பக்கவாட்டில் மண்ணுக்குள் செலுத்தி, சிமென்ட் பால் ஊற்றி இறுக்குவார்கள். இந்த முன்வேலைக்குப் போகும் நாட்களைப் பார்த்துத்தான் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்று மக்கள் சலித்துக்கொள்கிறார்கள்.

எல்லா வேலையையும் பாதி பாதியாகச் செய்ய முடியாது. திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-ல் திறக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் அதன் இணைப்பு இடைவெளிகளையும் தூண்களின் மேலுள்ள தாங்கிகளையும் மாற்றும் பணி தொடங்கியபோது, முதலில் இருசக்கர வாகனங்களுக்கு மட்டும் வழிவிட்டார்கள். பிறகு அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. தாங்கியை மாற்ற வேண்டுமானால் பாலத்தின் மேல்தளத்தையே ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். அப்போது மேலே வண்டி ஓடக்கூடாது. 2023 மார்ச்சில் பாலம் திரும்பத் திறக்கும்வரை, இரண்டு நிமிடத்தில் ஆற்றைக் கடந்தவர்கள் பைபாஸைச் சுற்றி வந்தார்கள்.

வேறு வழியே இல்லையா? அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த மெட்ஃபோர்டு என்ற புறநகரில், 2011 கோடையில் ஐ-93 விரைவுச்சாலையின் 14 பாலங்களை 10 வாரயிறுதிகளில் மாற்றிக் காட்டினார்கள். வெள்ளி இரவு வண்டிகள் அனைத்தையும் எதிர்ப்பக்கத் தடங்களுக்குத் திருப்புவார்கள். பழைய மேல்தளத்தை உடைத்து அள்ளிவிட்டு, முன்பே தயாரித்து வைத்த உத்தரங்களையும் தளத்தையும் கிரேனால் இறக்குவார்கள். திங்கள் விடிகாலை, வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் சாலை தயார். தயாரிப்பு வேலையைச் சாலையிலிருந்து பட்டறைக்குக் கொண்டுபோனதுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது.

அதே யோசனை சென்னைக்கும் வந்திருக்கிறது. தேனாம்பேட்டை முதல் சைதாப்பேட்டை வரை அண்ணா சாலையில் 3.2 கி.மீ. நீளத்துக்கு 621 கோடி ரூபாயில் எழுப்பப்படும் மேம்பாலத்துக்கு இரும்பைத் தேர்ந்தெடுத்தார்கள். கீழே மெட்ரோ சுரங்கம் இருப்பதால் பாரம் குறைய வேண்டும் என்பது ஒரு காரணம். பாகங்களை வெளியே செய்து கொண்டுவந்து பூட்டினால் பரபரப்பான சாலையை அடைத்துவைக்கும் நேரமும் குறையும்.

தொழில்நுட்பம் இப்படி வளர்ந்துவிட்டது. மாற்றுப்பாதையில்தான் நாம் இன்னும் தடுமாறுகிறோம். சாலைப் பணி நடக்கும் இடத்தில் போக்குவரத்தை எப்படி நடத்துவது என்று இந்திய சாலைக் காங்கிரஸ் தனி வழிகாட்டியே வைத்திருக்கிறது. ஓட்டுநரை எவ்வளவு தூரத்துக்கு முன்பே எச்சரிப்பது, தடத்தை எப்படிப் படிப்படியாகக் குறுக்குவது, இரவில் என்ன விளக்கு வைப்பது என எல்லாம் அதில் உண்டு. களத்திலோ பல இடங்களில் நாலு மணல் மூட்டையும் கிழிந்த ரிப்பனும்தான் நிற்கின்றன. அணுகுசாலை குண்டும் குழியுமாகக் கிடக்கையில் முதன்மைச் சாலையை அடைப்பது, ஆம்புலன்ஸில் திருச்சிக்கு விரைகிற நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

லண்டனில் 2012 முதல், நெரிசல் நேரத்தில் முக்கியச் சாலையை மறித்துத் தோண்டுகிற நிறுவனங்கள் நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை வாடகை கட்ட வேண்டும். தடத்தை அடைத்துவைத்தால் காசு கரையும் என்றதும் இரவு வேலையும் வேகமும் தானாக வருகின்றன. நம் ஒப்பந்தங்களிலும் அப்படியொரு விதியைச் சேர்க்கலாம். அதற்கும் முன்னதாக, மாற்றுப்பாதைக்குத் தார் போட்டு, விளக்கு பொருத்தி, பெயர்ப்பலகை நட்ட பிறகே பழைய சாலையில் கடப்பாரை விழ வேண்டும் என்பதை நெடுஞ்சாலைத் துறைகள் ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக எழுத வேண்டும்.