பத்து மாச அட்வான்ஸும் பென்சில் கணக்கும்

"பேச்சிலரா? ஸாரி தம்பி, ஃபேமிலிக்கு மட்டும்தான்!"

இந்த டயலாக்கைக் கேட்காமல் சென்னையில் வீடு பிடித்தவர்கள் யாராவது இருக்கீங்களா? இருந்தா கையைத் தூக்குங்க, சிலையே வைக்கலாம். ஹாஸ்டல் சாம்பாருக்குப் பயந்து ஓடிவந்த நாங்க நாலு பேர், 2022-ல் மடிப்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷனைப் பிடிச்சோம். வாடகை 12,000. அட்வான்ஸ் பத்து மாசம், அதாவது 1,20,000. புரோக்கருக்குத் தனியா ஒரு மாச வாடகை. தலைக்கு 30,000 அட்வான்ஸ்னு வீட்டில் கெஞ்சி வாங்கினோம்.

இதுக்கப்புறம்தான் விஷயமே. ஒருத்தனுக்கு பெங்களூரில் வேலை கிடைச்சா, புதுசா வர்றவன் அவன் கையில் 30,000 கொடுத்துட்டு உள்ளே வருவான். ரிலே ரேஸ் மாதிரி அட்வான்ஸ் கை மாறிக்கிட்டே போகும். ஹவுஸ் ஓனர் அங்கிளுக்கு அதில் சம்பந்தமே இல்லை. அக்ரிமென்ட்டில் இருந்தது என் பேர் மட்டும்! 2024-ல் மொத்தமா காலி பண்ணினப்போ, பெயின்ட்டுக்கு 12,000, குழாய் சுவிட்சுக்கு 3,000 கழிச்சார். மீதி 1,05,000-மும் 'அடுத்த ஆள் வந்ததும்தான் தம்பி'. ரெண்டு மாசம் நடந்தேன். கடைசியில் ஆளுக்கு 26,250. சுவரை அழுக்காக்கினது அதுவரை வந்துபோன அத்தனை பேரும். பணத்தை விட்டது கடைசியா இருந்த நாலு பேர்.

அப்புறம்தான் சட்டத்தைப் புரட்டினேன். 2017-ல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூணு மாச வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாதுங்குது. ஆனா ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதிக்கிட்டா அதுதான் செல்லும். படிக்காம கையெழுத்துப் போட்டோமே, அங்கேதான் மாட்டினோம். காலி பண்ணின ஒரு மாசத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தரணும். வெள்ளையடிக்கிறது ஓனர் பொறுப்பு, குழாய், சுவிட்ச் ரிப்பேர் நம்ம பொறுப்புன்னு பட்டியலே இருக்கு. அந்த 3,000 நியாயம்தான், ஒத்துக்கறேன்.

அங்கிளையும் வில்லனாக்க வேண்டாம். 60 லட்சம் போட்டு வாங்கின ஃப்ளாட்டுக்கு மாசம் 15,000 வாடகைன்னா, வருஷத்துக்கு 1,80,000. போட்ட காசுக்கு 3 சதவிகிதம்தான். அதிலும் சொத்து வரி, மோட்டார் ரிப்பேர்னு கழியும். பேங்க்கில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டிருந்தாலே கூட வந்திருக்கும். இதில் ரெண்டு மாசம் வீடு பூட்டிக் கிடந்தா அந்த 3-ம் காலி. பத்து மாச அட்வான்ஸ் மேல் ஓனர்களுக்கு ஏன் அவ்வளவு காதல்னு இப்போ புரியுதா?

'பதினோரு மாச அக்ரிமென்ட்தானே, பதிவு எதுக்கு?'ன்னு புரோக்கர் சொல்வார். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பத்திரப்பதிவு செய்யணும்ங்கிற 1908-ம் வருஷச் சட்டத்துக்குத் தப்பிக்கத்தான் அந்தப் பதினோரு மாசக் கணக்கு. புதுச் சட்டத்தில் அந்த சால்ஜாப்பு எடுபடாது. எத்தனை மாசமானாலும் வாடகை ஆணையத்தில் பதியணும். அங்கே உட்கார்ந்திருப்பவர் துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி. தகராறு வந்தா போய் நிற்க ஒரு கதவு இருக்கு பாஸ்!

ஜூனியர்ஸ், நாலு பேர் தங்கினா நாலு பேரும் அக்ரிமென்ட்டில் இருங்க. அட்வான்ஸை பேங்க் வழியா கொடுங்க. குடிபோற அன்னைக்கே சுவர், குழாய், கதவு எல்லாத்தையும் செல்போனில் படம் எடுத்து ஓனருக்கே அனுப்பிடுங்க.

போன மாசம் அந்தப் பக்கம் போனேன். மாடியில் புதுசா நாலு பசங்க. சும்மா பேச்சுக் கொடுத்து உள்ளே எட்டிப் பார்த்தா, கிச்சன் சுவரில் நாங்க பென்சிலில் எழுதின பால் கணக்கு அழியாம அப்படியே இருந்தது. அட்வான்ஸ் எவ்வளவுப்பான்னு கேட்டேன். பத்து மாசமாம்.