பட்டணம் பார்க்கப் புறப்படுமுன்

தேர்வுகள் முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், நம் இல்லங்களில் பிள்ளைகள் கேட்கும் முதற்கேள்வி, "சென்னைக்கு எப்போது போகிறோம்?" என்பதே. ஓராண்டுச் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு குடும்பமாகப் புறப்படுகிறோம். ஊர் திரும்பும்போது நம்மிடம் மிஞ்சுவதோ பெரும்பாலும் துணிக்கடைப் பைகளும் கால்வலியுமே.

சில ஆண்டுகளுக்குமுன் எங்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது. ஒரே நாளில் ஒன்பது இடங்கள் என்று பட்டியல் எழுதிக்கொண்டு சென்றோம். கடைசியாக மெரினாவை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. முழங்கால் வலியுள்ள எங்கள் அன்னையார், அகன்ற மணற்பரப்பைக் கடக்க இயலாமல் சாலையோரத்திலேயே அமர்ந்துவிட்டார். "கடலைப் பார்த்துட்டேன், தொடத்தான் முடியல" என்று அவர் சொன்ன சொல், திரும்பும் வழியெல்லாம் எங்களை உறுத்தியது.

சென்ற கோடையில் மீண்டும் சென்றோம். நாளொன்றுக்கு இரண்டே இடங்கள், நண்பகலில் ஓய்வு, வீட்டில் மெதுவாக நடப்பவர் எவரோ அவர் நடைக்கு ஏற்பவே பயணம் என்று முடிவு செய்துகொண்டோம். அந்த இரண்டு நாள்களின் பயனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வது நலம் எனக் கருதுகிறோம்.

முதல் நாள், வெயில் ஏறுமுன் சாந்தோம் சென்றோம். போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஆலயம் இருந்த இடத்தில், இன்றைய பேராலயம் 1896-இல் கட்டி முடிக்கப்பட்டது. திருத்தூதர் தோமையாரின் கல்லறையருகே அமர்ந்து செபிக்க அன்னையாருக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. முந்தைய பயணத்தில் அங்கே நாங்கள் நின்றது பத்து நிமிடம்கூட இராது.

பின்னர் திருவல்லிக்கேணியில் சிற்றுண்டி. அங்கே சாம்பார் இட்லி என்றால், இட்லி மூழ்கும்வரை சாம்பாரை ஊற்றித் தருவார்கள். சூடாகவும் மென்மையாகவும் இருப்பதால் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஏற்ற உணவு அது.

மறுநாள் காலை எழும்பூர் அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கப்பட்ட இதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவிற்கொள்க. அமராவதியின் பௌத்தச் சிற்பங்களும், சோழர் காலச் செப்புத் திருமேனிகளும், திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் அங்குள்ளன. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாமல், பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து, இரவில் பாட்டிக்கு விவரித்துச் சொல்ல வேண்டும் என்றோம். அன்றிரவு வீட்டாரிடையே நடந்த உரையாடலுக்கு ஈடாக எந்தத் திரைப்படமும் எங்களுக்குத் தோன்றவில்லை.

மாலையில் கடற்கரை இரயில் நிலையத்துக்கு அருகே, பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் அத்தோ உண்டோம். நூடுல்ஸுடன் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். உடன் வாழைத்தண்டுச் சூப்பும் உண்டு. 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானபோது, பல தலைமுறை உழைப்பை இழந்து கப்பலேறி வந்த தமிழர் பலர். நகையையும் நிலத்தையும் கொண்டுவர இயலாதவர்கள், கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தார்கள். அதைக் கொண்டே இங்குப் பிள்ளைகளை வளர்த்தார்கள். இதைச் சொன்னதும், முகம் சுளித்துக்கொண்டிருந்த எங்கள் இளைய மகன் தட்டை வழித்து உண்டான்.

இனி, மெரினா. முதல் நாள் மாலையே அங்கே சென்றோம். முக்கியமானதாகையால் இறுதியில் கூறுகிறோம். மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்வதற்கென்று 2022-இல் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பலகைப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. சக்கர நாற்காலியும் அதில் செல்லும். அன்னையார் அப்பாதையில் நின்று நின்று நடந்தார். அதன் முனையிலிருந்து எங்கள் தோள்களைப் பற்றிக்கொண்டு சில அடிகள் எடுத்து வைத்தார். அலை வந்து அவர் பாதங்களை நனைத்தது. குனிந்து கையால் நீரைத் தொட்டுப் பேரப்பிள்ளைகளின் நெற்றியில் வைத்தார். பின்பு அனைவரும் தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டல் வாங்கி உண்டோம்.

ஒரு எச்சரிக்கை: அங்கே பாதம் நனைப்பதோடு நின்றுவிட வேண்டும். அலையின் இழுப்பில் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. பிள்ளைகளின் கையை விட்டுவிடலாகாது.

ஒன்பது இடங்கள் பார்த்த பயணத்தில் நினைவில் நிற்பது ஒன்றுமில்லை. நான்கே இடங்கள் பார்த்த பயணத்தை இன்றும் பேசுகிறோம். ஆதலால் இவ்விடுமுறைக்குப் பட்டியல் எழுத அமரும் பெற்றோரே, வீட்டில் நடக்க இயலாதவரை முதலில் கேளுங்கள். அவர் விரும்புவது எதுவோ, அதையே பட்டியலின் முதல் வரியாக எழுதுங்கள்.