நான்கு பேட்டரியும் சமமாக உழைக்க

தோட்டத்துக்குக் கரண்ட் வராத காலத்தில் கார் பேட்டரியில் டிவி பார்த்தவர்கள் ஜாசின், அலோர் காஜா பக்கம் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பேட்டரி, இரண்டு ஒயர். குழப்பத்துக்கே இடமில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று கூரையில் சோலார் தகடு பொருத்தி, கீழே நான்கு பேட்டரி அடுக்குகிறார்கள். மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வரும் ‘சுமத்ரா’ புயல்காற்றில் கரண்ட் போனால் அது கைகொடுக்கும், ஒயரை ஒழுங்காக மாட்டியிருந்தால்.

12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்பார்கள். உலர்ந்த கையை அது ஒன்றும் செய்யாதுதான். ஆனால் 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியின் உள்தடை ஏறக்குறைய 5 மில்லியோம். ஸ்பேனர் தவறி இரு முனையிலும் பட்டால் 2,000 ஆம்பியருக்கு மேல் பாயும், இரும்பு பழுத்துவிடும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, ஸ்பேனர் பிடியில் டேப் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

நான்கையும் தொடராக இணைத்தால் 48 வோல்ட், பக்கமாக இணைத்தால் 12 வோல்ட். இரண்டிலும் சேமிப்பு 4.8 யூனிட்தான். ஆனால் 2,400 வாட் இழுக்க 12 வோல்ட்டில் 200 ஆம்பியர் ஓட வேண்டும், 48 வோல்ட்டில் 50 போதும். அதே ஒயரில் வெப்பம் 16 மடங்கு வேறுபடும்.

பக்க இணைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று இன்வெர்ட்டரின் இரண்டு ஒயரையும் முதல் பேட்டரியிலேயே மாட்டிவிடுகிறார்கள். இடையிலுள்ள ஒவ்வோர் இணைப்பு ஒயருக்கும் கால் மில்லியோம் தடை என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 100 ஆம்பியர் இழுத்தால் முதல் பேட்டரி 33 கொடுக்கிறது, கடைசி 20தான். முதலாவது சீக்கிரம் தேய்ந்துபோக, அந்த இடத்தில் புதிதொன்றை வைப்பார்கள். பழையதோடு சேர்ந்து அதுவும் கெடும். பிளஸ் ஒயரை முதல் பேட்டரியிலும், மைனஸ் ஒயரைக் கடைசிப் பேட்டரியிலும் எடுத்தால் பங்கு 26, 24, 24, 26 ஆகிவிடுகிறது. செலவு, கொஞ்சம் கூடுதல் ஒயர்.

ஒவ்வொரு பேட்டரிக்கும் பிளஸ் முனையை ஒட்டியே தனி பியூஸ் வேண்டும். வீட்டு ஏசி பிரேக்கரை இதற்குப் போடாதீர்கள். ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் தீப்பொறி அணைந்துவிடும். டிசிக்கு அந்த ஓய்வில்லை. இன்வெர்ட்டருக்கு அப்பால் 230 வோல்ட். அது எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் வேலை.

சார்ஜ் ஏறும்போது ஈய-அமில பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஆகவே விளக்கெரியும் சாமி மேடைக்குக் கீழே வைக்கவே கூடாது. தகரக் கூரைப் பின்கட்டும் வேண்டாம்: 25 டிகிரிக்கு மேல் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடாது. ஆனால் அதன் உள்தடை பொதுவாக இன்னும் குறைவு. இணைப்பு ஒயரின் ஏற்றத்தாழ்வு அங்கே கூடுதலாகவே தெரியும்.