செஸ் இன்ஜின்: பயிற்சியில் துணை, ஆட்டத்தில் தடை - விதிகள் கூறுவது என்ன?

கொல்கத்தா: உலகின் முன்னணி வீரர்கள் மோதும் டாடா ஸ்டீல் செஸ் இந்தியா போட்டி 2018-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் தொடங்கியது. அதில் ஆடும் எவரையும் விட வலிமையான மென்பொருள் இன்று சிறுவர்களின் கைபேசியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. 'செஸ் இன்ஜின்' எனப்படும் இதனைப் பயன்படுத்துவது எப்போது பயிற்சி, எப்போது முறைகேடு?

இன்ஜின் என்ன செய்கிறது?

பலகையில் உள்ள நிலையிலிருந்து நிகழக்கூடிய கோடிக்கணக்கான நகர்வுகளை ஆராய்ந்து, யாருக்குச் சாதகம் என்பதை எண்ணாகக் காட்டுகிறது. கூட்டல் குறி வெள்ளைக்கும், கழித்தல் குறி கறுப்புக்கும் சாதகம். 1997-இல் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் ப்ளூ கணினி உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றது. 2008-இல் வெளியான ஸ்டாக்ஃபிஷ் மென்பொருளில் 2020-இல் நரம்பியல் வலையமைப்பு சேர்க்கப்பட்டது. முந்தைய ஆட்டங்களைத் தேடித் தரும் செஸ்பேஸ் போன்ற தரவுத்தளங்களும் வீரர்களுக்குத் துணைபுரிகின்றன.

எங்கே அனுமதி?

ஆட்டத்திற்கு முன்பும் பின்பும் இவற்றைப் பயன்படுத்தத் தடையில்லை. விஸ்வநாதன் ஆனந்த் 2008, 2010, 2012-ஆம் ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றபோது, அவரது உதவிக் குழுவில் கொல்கத்தா கிராண்ட்மாஸ்டர் சூர்ய சேகர் கங்குலி இடம்பெற்றிருந்தார். எதிராளியின் தொடக்க நகர்வுகளைக் கணினியில் அலசி, புதிய உத்திகளைக் கண்டறிவது இத்தகைய குழுவின் பணி.

ஆட்டத்தின்போதே கணினியை அனுமதித்த போட்டிகளும் உண்டு. ஸ்பெயினின் லியோன் நகரில் 1999-இல் நடந்த அத்தகைய போட்டியில் கார்போவை ஆனந்த் தோற்கடித்தார். இருவர் கையிலும் கணினி இருந்ததால் அது முறைகேடு அல்ல.

எங்கே தடை?

வழக்கமான போட்டிகளில், ஆட்டம் நடைபெறும்போது குறிப்புகளையோ பிறர் ஆலோசனையையோ நாடுவதைச் சர்வதேச செஸ் கூட்டமைப்பின் (ஃபிடே) விதிகள் தடை செய்கின்றன. நடுவரின் அனுமதியின்றி வீரரிடம் கைபேசி இருந்தாலே, அது ஒலிக்காவிட்டாலும், பொதுவாக ஆட்டம் பறிபோகும். 2006-இல் தொப்பிக்குள் புளூடூத் கருவியை மறைத்து வைத்திருந்த இந்திய வீரர் ஒருவருக்கு அகில இந்திய செஸ் கூட்டமைப்பு 10 ஆண்டுகள் தடை விதித்தது.

இணையவழி ஆட்டங்களில் மெட்டல் டிடெக்டர் சோதனைக்கு வழியில்லை. எனவே வீரரின் நகர்வுகள் இன்ஜினின் தேர்வுகளோடு எந்த அளவு ஒத்துப்போகின்றன, ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பவை ஆராயப்படுகின்றன. முறைகேடு உறுதியானால் கணக்கு முடக்கப்படும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது

ஆட்டம் முடிந்தவுடன் இன்ஜினைத் திறந்தால் பிழை எங்கே என்பது தெரியும். அப்பிழை ஏன் நேர்ந்தது என்பது தெரியாது. முதலில் தாமே ஆட்டத்தை அலசி, தாம் எண்ணியதை எழுதி வைத்து, பிறகு இன்ஜினுடன் ஒப்பிடுவது பயன் தரும். போட்டி அரங்கில் அந்த எண்ணைக் காட்ட எவரும் இருக்கமாட்டார்கள். அங்கு ஒரு நிலையைத் தாமே மதிப்பிடும் பழக்கமே கைகொடுக்கும்.