எதைப் படியெடுப்பது?

ஓலைச்சுவடிகள் காலப்போக்கில் செல்லரித்துச் சிதைந்துவிடும். ஆகவே, நம் முன்னோர் பழைய ஏடுகளைப் பார்த்துப் புதிய ஏடுகளில் எழுதிவைத்தனர். இதற்குப் படியெடுத்தல் என்று பெயர். படியெடுக்கப்படாத நூல்கள் பல அழிந்துபோயின.

கணினியின் வன்தட்டும் ஒருநாள் பழுதடையக்கூடும். அதிலுள்ள கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுத்து வைப்பதே காப்புநகல் ஆகும். எனினும், அனைத்தையும் படியெடுக்கத் தேவையில்லை. ‘இஃது அழிந்தால் மீண்டும் கிடைக்குமா?’ என்று ஒவ்வொன்றைக் குறித்தும் வினவுதல் வேண்டும்.

மென்பொருள்களையும் விளையாட்டுகளையும் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். பதிவிறக்கிய பாடநூல்களை மறுபடியும் பெறலாம். ஆனால், மாணவர் எழுதிய கட்டுரை, குடும்ப நிழற்படங்கள், ஊரிலுள்ள பாட்டி கதை சொன்ன ஒலிப்பதிவு ஆகியவை வேறெங்கும் கிடைக்கா. விளையாட்டு பல ஜிகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். பாட்டியின் குரலுக்குச் சில மெகாபைட் போதும். ஆகவே, கோப்பின் அளவைக் கொண்டு அதன் மதிப்பைக் கணித்தல் கூடாது.

காப்புநகலை அதே வன்தட்டில் வைத்தால், தட்டு பழுதடையும்போது இரண்டும் அழியும். எனவே, கணினி வல்லுநர்கள் 3-2-1 என்னும் முறையைக் கூறுவர். மூலத்தோடு சேர்த்து 3 படிகள் இருத்தல் வேண்டும். அவற்றை 2 வகைச் சாதனங்களில் வைத்தல் வேண்டும். 1 படியேனும் வீட்டிற்கு வெளியே, உறவினர் இல்லத்திலோ இணையச் சேமிப்பகத்திலோ இருத்தல் வேண்டும். வீட்டில் வெள்ளம் புகுந்தாலும் அந்தப் படி எஞ்சும்.

இறுதியாக, எடுத்த நகலை அவ்வப்போது திறந்து பார்த்தல் வேண்டும். தேவைப்படும் நாளில் திறக்க இயலாத நகலால் பயனில்லை.